“எதுக்குக் கொன்னானாம்?” – கைதுக்குப் பிறகு கிளம்பும் பேச்சுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்காவது ஒரு கொலை நடந்து ஆள் பிடிபட்டுவிட்டால், அன்று சாயங்காலத்துக்குள் எனக்கு நாலு போன் வந்துவிடும். கிரிமினல் வழக்கு நடத்துகிற வக்கீல் என்பதால் எனக்கு உள்விவரம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை. உண்மையில் அவர்கள் பார்த்த அதே டி.வி. செய்தியைத்தான் நானும் பார்த்திருப்பேன். கேட்கும் ஆட்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். இந்தியச் சட்டப்படிதான் பதில்கள். 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய சட்டங்களின் பிரிவு எண்களையே தந்திருக்கிறேன்.

கைது பண்ணிட்டாங்கன்னா அவன்தான் கொலையாளின்னு ஆயிடுச்சு இல்லையா?

இல்லை. சந்தேகிக்கப் போதிய காரணம் இருக்கிறது என்று போலீஸ் நினைக்கிறது, அவ்வளவுதான். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். கொலை வழக்கில் 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் கைதானவர் ஜாமீன் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கைதான அன்று போலீஸ் கையில் இருப்பது பாதி வழக்குகூட இல்லை.

“விசாரணையில் தெரியவந்தது”ன்னு பேப்பர்ல போடுறாங்களே, யாருக்குத் தெரியவந்ததாம்?

நல்ல கேள்வி. அந்த வாக்கியத்தில் ஆளே இல்லை. பெரும்பாலும் நடப்பது இதுதான்: ஸ்டேஷன் வாசலில் நிற்கும் நிருபர்களிடம் ஒரு அதிகாரி ஐந்து நிமிடம் பேசுவார். அதில் “முன்விரோதம் மாதிரி தெரியுது” என்பார். அச்சுக்குப் போகும்போது அந்த “மாதிரி” உதிர்ந்துபோகும். மறுநாள் காலையில் “முன்விரோதம் காரணமாக வெட்டிக் கொலை” என்று வந்துவிடும்.

முன்விரோதம், ஒருதலைக் காதல், சொத்துத் தகராறு, கொடுக்கல் வாங்கல், குடும்பப் பிரச்சினை என்று ஏழெட்டு வார்த்தைகள் தயாராக இருக்கின்றன. எந்தக் கொலையானாலும் ஏதாவது ஒன்றில் பொருத்திவிடலாம். நான் நடத்திய ஒரு வழக்கில் வரப்புத் தகராறுதான் காரணம் என்று முதல் நாளே செய்தி வந்தது. ஊர் முழுக்க அதையே பேசியது, நானும் நம்பினேன். கேஸ் கட்டைப் பிரித்துப் பார்த்தால், கொலைக்கு மூன்று வருஷம் முன்பே அந்த வரப்பை அளந்து கல் நட்டு, இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்ட தாள் உள்ளே இருந்தது. கீழே இறந்துபோனவரின் கையெழுத்து, கொஞ்சம் சாய்வாக. முதல் நாள் அந்தத் தாளை யாரும் பார்த்திருக்கவில்லை.

அதான் “பரபரப்பு வாக்குமூலம்” கொடுத்துட்டானே, அப்புறம் என்ன சந்தேகம்?

கைதானவர் போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை அவருக்கு எதிராகக் கோர்ட்டில் நிரூபிக்க முடியாது. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியம் 23-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. இது புதுச் சட்டம் கொண்டுவந்த சலுகை இல்லை. 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்திலேயே 25, 26 என்று இருந்ததுதான். அடித்தோ மிரட்டியோ வாங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வெள்ளைக்காரன் காலத்திலேயே சட்டம் எழுதியவர்களுக்கு இருந்தது.

ஒரு விதிவிலக்கு உண்டு. கைதானவர் சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி மட்டும் செல்லும். “வீட்டுக் கூரையில் கத்தியை மறைத்து வைத்திருக்கிறேன், அதால்தான் அவனைக் குத்தினேன்” என்று சொல்லி, கத்தியும் கிடைத்தால், கூரையில் மறைத்து வைத்தது வரைக்கும் ஏற்பார்கள். “அதால்தான் குத்தினேன்” என்பது வெளியே போய்விடும். சுதந்திரத்துக்கு முன்பு புலுக்குரி கோட்டய்யா வழக்கில் அன்றைய உச்ச அப்பீல் மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் போட்ட கோடு இது. இன்றைக்கும் தினசரி இதைத்தான் மேற்கோள் காட்டுகிறோம்.

இப்போது செய்தியை எடுத்துப் பாருங்கள். “என்னை அவமானப்படுத்தினான், ஆத்திரத்தில் கொன்றேன்” என்று மேற்கோள் குறிக்குள் அரைப் பக்கம் வரும். ஊர் நினைவில் வைத்துக்கொள்வது அந்த அரைப் பக்கத்தை. கோர்ட் ஒதுக்கித் தள்ளுவதும் அதே அரைப் பக்கத்தைத்தான்.

போலீஸ்கிட்ட சொன்னது செல்லாது, சரி. வி.ஏ.ஓ. கிட்டப் போய் ஒத்துக்கிட்டானாமே?

தமிழ்நாட்டு வழக்குகளில் இது அடிக்கடி வரும். வி.ஏ.ஓ., அதாவது கிராம நிர்வாக அலுவலர், போலீஸ் இல்லை என்பதால் மேலே சொன்ன தடை அப்படியே பொருந்தாது. ஆனால், முன்பின் தெரியாத வி.ஏ.ஓ.வைத் தேடிப் போய் ஒருவர் ஏன் மனம் திறந்தார், அப்போது போலீஸ் எங்கே இருந்தது என்று குறுக்கு விசாரணையில் துருவித் துருவிக் கேட்போம். வேறு சாட்சியம் கைகொடுக்காவிட்டால் இது பலவீனமான சரக்கு.

கொஞ்சம் பலமானது, மாஜிஸ்திரேட் பதிவுசெய்யும் வாக்குமூலம். “நீ சொல்ல வேண்டிய கட்டாயமில்லை, சொன்னால் உனக்கு எதிராகவே பயன்படும்” என்று எச்சரித்து, யோசிக்க அவகாசம் கொடுத்து, தானாகத்தான் சொல்கிறார் என்று திருப்திப்பட்ட பிறகே எழுதுவார்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 183-ஆம் பிரிவு இது. செய்தியில் “வாக்குமூலம்” என்று பார்த்தால் யாரிடம் கொடுத்தது என்று முதலில் தேடுங்கள்.

மோட்டிவ் வேற, இன்டென்ஷன் வேறயா? ரெண்டும் ஒண்ணுதானே?

வேறு வேறு. ஒருவர் அரிவாளை எடுத்துக் கழுத்தில் போட்டால், கொல்ல வேண்டும் என்பது அவருடைய உட்கருத்து. இதுதான் இன்டென்ஷன். தங்கையை ஏமாற்றியதால் வெட்டினாரா, வட்டிப் பணத்துக்காக வெட்டினாரா என்பது நோக்கம், அதாவது மோட்டிவ். கொலைக் குற்றத்துக்கு உட்கருத்தைக் காட்டியாக வேண்டும். கழுத்தில் எத்தனை வெட்டு, எவ்வளவு ஆழம் என்பதிலிருந்தே அதைக் காட்டிவிடலாம். நோக்கம் குற்றத்தின் விளக்கத்திலேயே இல்லை. பாரதிய சாட்சிய அதிநியம் 6-ஆம் பிரிவின்படி அது வழக்குக்குத் தொடர்புள்ள ஒரு சங்கதி, அவ்வளவுதான்.

அப்படின்னா மோட்டிவ் நிரூபிக்கலைன்னாலும் தண்டனை கொடுக்கலாமா?

கொடுக்கலாம். நம்பகமான கண்சாட்சி இருந்தால் ஏன் வெட்டினார் என்று தெரியாமலேயே தண்டிக்கலாம். மனுஷன் மனசுக்குள் இருப்பதை முழுக்கத் தோண்டி எடுக்க முடியாது என்பது கோர்ட்டுகளுக்குத் தெரியும்.

கண்சாட்சி இல்லாமல் சந்தர்ப்ப சாட்சியத்தை மட்டும் நம்பி நடக்கும் வழக்கில் கதை வேறு. அங்கே நோக்கமும் சங்கிலியின் ஒரு கண்ணி. அது விட்டுப்போனால் குற்றம் சாட்டப்பட்டவர் பக்கம் தராசு சாயும். 1984-இல் ஷரத் பிர்திசந்த் சர்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தச் சங்கிலிக்கு ஐந்து விதிகள் வகுத்தது. அவர் குற்றவாளி என்பதைத் தவிர வேறு எந்த முடிவுக்கும் இடமிருக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. ஒருவேளை அவராக இருக்கலாம் என்பது போதாது, அவராகத்தான் இருந்தாக வேண்டும்.

அவனுக்குத்தானே பகை இருந்தது? வேற யாருக்கு என்ன லாபம்?

இதற்கு லட்சுமிகாந்தன் கொலை வழக்கைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது. சினிமாக்காரர்களின் அந்தரங்கத்தை எழுதியே பிழைத்த பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன். ‘சினிமா தூது’ நின்றுபோன பிறகு ‘இந்துநேசன்’ நடத்தினார். 1944 நவம்பரில் சென்னையில் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்தபோது கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். கொஞ்ச நாளில் எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். தமிழ்நாட்டில் அன்று அவர்களைவிடப் பெரிய நட்சத்திரங்கள் இல்லை.

நோக்கத்துக்குப் பஞ்சமே இல்லை. அவர்களைப் பற்றி அசிங்கமாக எழுதியிருந்தார். அவருடைய பத்திரிகையை நிறுத்தச் சொல்லி அவர்கள் கவர்னரிடம் மனுவே கொடுத்திருந்தார்கள். ஊர் இதை வைத்து முடிவுகட்டிவிட்டது. 1945-இல் ஜூரி (பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுத்த நடுவர் குழு) விசாரணையில் இருவருக்கும் ஆயுள் தண்டனை. சென்னை உயர் நீதிமன்றத்தில் அப்பீலும் தோற்றது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், வழக்கு திரும்பி வந்து, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள். பாகவதரின் சினிமா வாழ்க்கை அதோடு படுத்துவிட்டது. கிருஷ்ணன் எழுந்து வந்தார்.

கவனிக்க வேண்டியது: அந்த மனுவும் பகையும் நிஜம்தான். ஆனால் லட்சுமிகாந்தன் எழுதியது அவர்கள் இரண்டு பேரைப் பற்றி மட்டுமா? அந்தப் பத்திரிகையில் பெயர் வந்த ஒவ்வொருவருக்கும் அதே பகை இருந்திருக்கும். பகை இருந்ததற்கு ஆதாரம் கொண்டுவருவது சுலபம். அந்த ஒரு நாள், அந்த ஒரு தெருவில் கத்தியைப் பிடித்தது யார் என்பதற்கு அது ஆதாரமாகாது.

போலீஸே சொன்ன காரணம்னா நம்பலாம்ல? அவங்களே மாத்திச் சொல்வாங்களா?

2008 மே மாதம் நொய்டாவில் 13 வயதுச் சிறுமி ஒருத்தி தன் வீட்டில் கொல்லப்பட்டுக் கிடந்தாள். வீட்டு வேலையாளைக் காணோம். அவர்தான் கொன்றுவிட்டு ஓடிவிட்டார் என்று போலீஸ் தேட ஆரம்பித்தது. மறுநாள் அவருடைய உடல் அதே வீட்டு மொட்டைமாடியில் கிடைத்தது. கொலைகாரர் என்று தேடப்பட்டவரும் கொலையுண்டு கிடந்திருக்கிறார்!

சில நாளில் சிறுமியின் அப்பா கைதானார். உயர் அதிகாரி ஒருவர் நிருபர்களைக் கூட்டிவைத்து, சிறுமியையும் வேலையாளையும் இணைத்துப் பேசினார். குடும்ப மானத்துக்காகக் கொலை என்ற கதை அங்கே பிறந்தது. பிறகு வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது; முதலில் வேலையாட்கள் மீது சந்தேகம் திரும்பியது. 2010 கடைசியில் போதிய ஆதாரமில்லை என்று சி.பி.ஐ.யே முடிவறிக்கை கொடுத்தது. கோர்ட் அதை ஏற்காமல் பெற்றோர் மீது வழக்கை நடத்தியது. 2013-இல் இருவருக்கும் ஆயுள் தண்டனை, 2017 அக்டோபரில் அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் விடுதலை. எத்தனை கதை மாறிற்று என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

இப்படிப்பட்ட பேட்டிகளை ஒழுங்குபடுத்த விதிமுறை தயாரிக்கச் சொல்லி 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உள்துறை அமைச்சகத்துக்கு உத்தரவு போட்டது. அதற்கு முன்பே, 2021-இல், பம்பாய் உயர் நீதிமன்றம் ஒரு நடிகரின் மரணத்தை ஒட்டி டி.வி.க்காரர்களுக்குப் பட்டியலே போட்டுக் கொடுத்தது. போலீஸிடம் கொடுத்த ஒப்புதலைச் செல்லுபடியாகும் சாட்சியம் போலக் காட்டாதே, இறந்தவரின் குணநலனைக் கெடுக்காதே, சம்பவத்தை நடித்துக் காட்டாதே என்று.

கூட்டிட்டுப் போறப்ப மூஞ்சியை ஏன் துணியால மூடுறாங்க? அவமானமா இருக்கும்னா?

அவருடைய வசதிக்காக இல்லை. பிறகு சிறையில் அடையாள அணிவகுப்பு நடக்கும். பத்துப் பேர் வரிசையில் நிற்க, சாட்சி வந்து ஆளைக் காட்டுவார். அதற்கு முன்பே முகம் டி.வி.யில் வந்துவிட்டால், சாட்சி சம்பவ இடத்தில் பார்த்ததைச் சொல்கிறாரா, டி.வி.யில் பார்த்ததைச் சொல்கிறாரா என்று கேட்டு அந்த அடையாளத்தையே உடைத்துவிடுவோம். ஸ்டேட்டஸில் போட்டோ போடுகிறவர்கள் எங்களைப் போன்ற எதிர்த்தரப்பு வக்கீல்களுக்குத்தான் உதவுகிறார்கள்.

சும்மா ஒருத்தன் இப்படி வெட்டுவானா? “சைக்கோ”தானே?

தலைப்பெழுத்தாளர்களுக்கு அந்தச் சொல் மேல் ஒரு காதல். சட்டத்தில் அப்படி ஒரு வகை கிடையாது. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 22-ஆம் பிரிவின்படி, செயலைச் செய்த அந்த நேரத்தில், மனநலக் குறைபாட்டால், தான் செய்வது என்ன என்றோ, அது தவறு அல்லது சட்டவிரோதம் என்றோ அறிய முடியாத நிலையில் இருந்தால்தான் குற்றமாகாது. அதைக் காட்ட வேண்டிய பொறுப்பும் குற்றம் சாட்டப்பட்டவருடையது. எப்போதோ மனநல மருத்துவரிடம் போயிருக்கிறார் என்ற ஒரு சீட்டு இதற்கெல்லாம் போதாது.

காரணம் நமக்குப் புரியவில்லை என்றால் அவருக்குப் பைத்தியம் என்று அர்த்தமில்லை. சிகிச்சை எடுத்துக்கொண்டு அமைதியாக வாழ்கிற ஆயிரக்கணக்கானவர்களை அந்த ஒரு சொல் சந்தேகக் கண்ணோடு பார்க்கவைக்கிறது. எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே கோபம் வரும்.

கள்ளக்காதல்னு போட்டிருக்காங்க. நெருப்பில்லாம புகையுமா?

புகையும். ஒரு பெண் கொல்லப்பட்டால் அவள் போனில் யார் நம்பர் இருந்தது என்பதிலிருந்து பேச்சு தொடங்குகிறது. இறந்தவருக்கு வக்கீல் வைக்க முடியாது. மறுப்பு சொல்ல வாய் இல்லை. கைதானவர் “அவள் நடத்தை சரியில்லை” என்று சொன்னதாக வரும் வரி, கொலைக்கு ஆளானவரைப் பற்றி, கொன்றதாகச் சொல்லப்படுபவர் தந்த சான்றிதழ். அதுவும் போலீஸ் வழியாக வந்தது. மூன்றாவது பதிலில் சொன்ன சரக்கு.

திடீர் ஆத்திரமூட்டலால் நிதானம் இழந்து கொன்றால் அது ‘கொலை ஆகாத மரணம் விளைவித்தல்’ என்ற சிறிய குற்றமாகக் குறையலாம் என்று ஒரு விதிவிலக்கு உண்டு. அதனால் ‘அவள்தான் தூண்டினாள்’ என்ற கதையால் கைதானவருக்கு லாபம் இருக்கிறது. 1959-இல் பம்பாயில் மனைவியின் காதலனைச் சுட்ட கடற்படை அதிகாரி நானாவதிக்கு ஊரும் ஒரு பத்திரிகையும் சேர்ந்து அனுதாப அலை கிளப்ப, ஜூரி 8-க்கு 1 என்று குற்றவாளி இல்லை என்றது. உயர் நீதிமன்றம் அதைப் புரட்டியது. 1961-இல் உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையை உறுதிசெய்தது. வீட்டிலிருந்து கிளம்பி, கப்பலுக்குப் போய்த் துப்பாக்கி வாங்கி, அப்புறம் காதலன் வீட்டுக்குப் போயிருக்கிறார். அதற்குள் நிதானம் திரும்ப மூன்று மணி நேரம் இருந்ததே என்றது கோர்ட்.

சாதிதான் காரணம்னு எல்லாருக்கும் தெரியும். அப்பவும் வாயை மூடிட்டு இருக்கணுமா?

வேண்டாம். இந்த ஒரு கேள்விக்கு என் பதில் மற்றவற்றிலிருந்து மாறும். 2015-இல் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜின் உடல் ரயில் தண்டவாளத்தில் கிடந்தபோது, தற்கொலை என்ற கோணம்தான் முதலில் வந்தது. குடும்பமும் இயக்கங்களும் விடாமல் கேட்டதால்தான் அது ஆணவக் கொலை வழக்காக நின்றது. 2022-இல் மதுரைத் தனி நீதிமன்றம் பத்துப் பேரைத் தண்டித்தது. முக்கியச் சாட்சி முன்பு சொன்னதை மாற்றிப் பிறழ்சாட்சியாகிப் போன வழக்கு அது.

அவர்கள் செய்தது ஊகம் இல்லை. உடற்கூறாய்வைச் சரியாக நடத்து, வீடியோ எடு, விசாரணையை மாற்று என்று கேட்டார்கள். போலீஸ் பார்க்க மறுக்கும் காரணத்தைப் பார்க்கச் சொல்வது வேறு. போலீஸ் சொன்ன காரணத்துக்குக் கண், காது, மூக்கு வைப்பது வேறு.

நார்கோ டெஸ்ட் பண்ணினா உண்மை வந்துடும்ல?

மயக்க மருந்து கொடுத்துக் கேள்வி கேட்கும் இந்தச் சோதனையை ஆளின் சம்மதம் இல்லாமல் செய்ய முடியாது. 2010-இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தன்னைத் தானே காட்டிக்கொடுக்க யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசியலமைப்பின் 20(3) சொல்கிறது. சம்மதித்துச் செய்தாலும் அந்த மயக்கத்தில் உளறுவது நேரடிச் சாட்சியம் ஆகாது.

நான் சும்மா ஃபார்வர்டுதான் பண்ணினேன். எனக்கென்ன வரும்?

அவதூறு வழக்கு வரலாம்; இரண்டு வருஷம் வரை தண்டனை. இறந்தவரைப் பற்றிய அவதூறுக்கும் அது பொருந்தும், குடும்பத்தாரைப் புண்படுத்தும் எண்ணத்தோடு செய்திருந்தால். பாலியல் குற்றமும் சேர்ந்த வழக்கில் பாதிக்கப்பட்டவரின் பெயர், படம் போட்டால் தனிக் குற்றம். ‘நான் எழுதலை, அனுப்பத்தான் செய்தேன்’ என்பதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

எனக்கு நிஜமாவே ஒரு விஷயம் தெரியும். யார்கிட்டச் சொல்றது?

விசாரணை அதிகாரியிடம். பயமாக இருந்தால் ஒரு வக்கீலைக் கூட்டிக்கொண்டு போங்கள். மாஜிஸ்திரேட் முன்பு வாக்குமூலம் பதிவு செய்யவும் வழி இருக்கிறது. தயவுசெய்து முதலில் மைக் முன்னால் போய் நிற்காதீர்கள். டி.வி.யில் “ஏழு மணி இருக்கும்” என்றவர் கோர்ட்டில் “எட்டரை” என்றால், குறுக்கு விசாரணையில் எனக்கு அது போதும்.

கைதானவன் செத்துப்போயிட்டா காரணம் எப்படித் தெரியும்?

தெரியாது. ஆள் இறந்தால் அவர் மீதான வழக்கு அத்தோடு முடிந்துவிடும். 2016 ஜூன் 24 காலை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். யாரும் பிடிபடும் முன்பே இன்ன மதத்துக்காரர்தான் கொலையாளி என்று ஒரு பெயர் சமூக ஊடகத்தில் ஓடியது. ஒரு வாரத்தில் கைதானவர் வேறு ஆள். ஒருதலைக் காதல் என்றது போலீஸ். இல்லவே இல்லை என்றது அவர் குடும்பம். செப்டம்பரில் அவர் புழல் சிறையில் இறந்தார். தற்கொலை என்றார்கள், குடும்பம் அதையும் ஏற்கவில்லை. ஒரு சாட்சிகூடக் கூண்டேறவில்லை. ஆனாலும் அந்தக் கொலையின் காரணம் தங்களுக்குத் தெரியும் என்று சொல்பவர்களை இன்றும் சந்திக்கிறேன்.

விசாரணை முழுசா நடந்து தீர்ப்பு வந்தாலாவது உண்மையான காரணம் தெரிஞ்சிடும்ல?

சில வழக்குகளில் தெரியும். பல தீர்ப்புகளில் நோக்கம் பற்றி ஒரு பத்திதான் இருக்கும், “அரசுத் தரப்பு கூறும் நோக்கம் நிரூபிக்கப்பட்டதாகக் கருத முடியாது” என்று. அப்புறம் வேறு சாட்சியத்தை வைத்துத் தண்டனையோ விடுதலையோ வரும். முன்னே சொன்ன வரப்பு வழக்கில் விடுதலை. தீர்ப்பன்று கோர்ட் வராந்தாவில் இறந்தவரின் மகன் என்னிடம் வந்து, “சார், அப்ப எங்கப்பாவை எதுக்குத்தான் கொன்னாங்க?” என்று கேட்டான். எதிர்த்தரப்பு வக்கீலிடம் கேட்கிறோம் என்ற கோபம்கூட அவன் முகத்தில் இல்லை. எனக்குத் தெரியாது என்றேன். பாகவதர் விடுதலையாகி எத்தனையோ வருஷமாகிறது. லட்சுமிகாந்தனைக் குத்தியது யார், எதற்கு என்பதும் இன்றுவரை தெரியாது.